லேசரும் லேசும்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ‘லேசர்’ என்ற சொல் பல வேடங்களில் எதிர்ப்படும். கண் மருத்துவமனைப் பலகையில் அது வலியில்லாத சிகிச்சை. மூலம், பௌத்திரம் பார்க்கும் இடங்களில் அது கத்தியில்லாத சிகிச்சை. ‘லேசர் மூலம் மூலத்துக்குத் தீர்வு’ என்கிற வகையில் எழுதுகிறவர்கள் சிலேடையை எண்ணித்தான் எழுதுகிறார்களா, கைபோன போக்கில் விழுகிறதா தெரியாது. காளமேகம் கண்ணில் பட்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். இரண்டு சந்து தள்ளி, கேட்டும் கிரில்லும் அக்ரிலிக் பெயர்ப்பலகையும் செய்கிற பட்டறையில் ‘லேசர் கட்டிங்’. ஒரு பலகையில் வெட்டே இல்லாதது, அடுத்த பலகையில் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டது. சொல் ஒன்றுதான்.

பலகையை விடப் பேச்சு இன்னும் சுவையானது. பேருந்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வது இப்படி இருக்கும்:

“அத்தாச்சிக்குக் கண்ணு எப்படி இருக்கு?”

“லேசர்லதான் பண்ணுனாக மாமா. தையலே கெடையாது. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாக.”

அத்தாச்சிக்கு நடந்தது கண்புரை அறுவை சிகிச்சை. அதில் பெரும்பாலும் லேசர் கிடையாது. புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் அந்த முறைக்கு ஃபேக்கோ என்று பெயர். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் கொண்டுவந்தது. பல் மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்யும் கருவியின் அதிர்வைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. அந்தக் கருவியின் முனை காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்ந்து, கெட்டியாகிப்போன விழிலென்ஸைக் கூழாக்கும். அதாவது வேலை செய்வது மீயொலி, ஒளி இல்லை. ஃபெம்டோ லேசரை வைத்துப் புரை எடுக்கும் முறையும் இருக்கிறது; அதற்குச் செலவு கூடும், அதிலும்கூட லென்ஸை உறிஞ்சி எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் மீயொலிக் கருவிதான் முடித்துவைக்கிறது. முகாமில் அழைத்துப்போய்ச் செய்கிற அறுவைகள் பலவற்றில் மீயொலிகூட இல்லை. சிறு கீறல் வழியாகக் கையாலேயே புரையை எடுத்துவிடுகிறார்கள். தையல் மட்டும் கிடையாது. ஊருக்குத் தையல் இல்லை என்றாலே லேசர்.

இது அறியாமையால் வந்த பிழை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ‘ஃபேக்கோ’ என்பதும் மருத்துவமனையில் காதில் விழுந்த சொல்தான். அது ஒட்டாமல் ‘லேசர்’ மட்டும் ஏன் ஒட்டியது? என் கணிப்பு இது: லேசர் தமிழுக்குள் தனியாக வரவில்லை. வந்த இடத்தில் அதற்கு முன்பே ஒரு பங்காளி குடியிருந்தது. அதன் பெயர் லேசு.

லேசு வடமொழி ‘லேச’ என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சிறு துண்டு, துளி, அணு என்று பொருள். தமிழில் லகரம் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. எனவே இலங்கை, இலக்கம் போல இதுவும் ஓர் இகரத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு இலேசு ஆயிற்று. உரையாசிரியர்கள் இந்தச் சொல்லை வைத்து அருமையான ஒரு வேலை செய்தார்கள். சூத்திரத்தில் ஒரு சொல் தேவைக்கு மேல் நின்றால் அதை வெறும் மிகை என்று ஒதுக்கமாட்டார்கள். அந்தச் சிறு மிகையைப் பிடித்துக்கொண்டு, சூத்திரம் வாய்விட்டுச் சொல்லாததையும் இந்த இலேசினால் கொள்க என்று சேர்த்துவிடுவார்கள். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் வக்கீலின் சாமர்த்தியம் இது. தண்டியலங்காரத்தில் இலேசம் ஓர் அணியின் பெயர். உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிந்துவிட்டால், அதற்கு வேறு காரணம் சொல்லி மறைப்பது. காதலனை நினைத்து அழுத பெண் கண்ணில் தூசி விழுந்தது என்று சொன்னால் அது இலேசம்.

பேச்சுத் தமிழுக்கு வந்தபோது துளி என்ற பொருள் கனமின்மை ஆனது. கனமின்மை எளிமை ஆனது. ‘லேசா தலை வலிக்குது’ என்பதில் இன்னும் பழைய ‘துளி’ இருக்கிறது. ‘பை லேசாத்தான் இருக்கு’ என்பதில் எடை. ‘அவன் லேசுப்பட்ட ஆள் இல்ல’, ‘லேசுல விடமாட்டாக’ என்பவற்றில் எளிமை. இந்த மூன்று பொருளும் ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்க விருப்பமானவை: சின்னக் கீறல், பாரமில்லாத உடம்பு, எளிதில் முடிகிற வேலை. எண்பது வயதுக் கிழவியின் காதில் ‘லேசர் ஆபரேஷன்’ என்று விழுந்தால் அது ‘லேசான ஆபரேஷன்’ என்று கேட்பதற்கு ஓர் எழுத்து தூரம்கூட இல்லை. விளம்பரக்காரர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொண்டது. ஆனால் கத்தியும் மயக்க மருந்தும் பின்னால் இருக்க, பலகையில் ‘லேசர்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது தண்டியலங்காரம் சொன்ன இலேசம்தான்.

சரி, லேசு ஒரு பங்காளி என்றால், மற்றப் பங்காளியான லேசருக்குப் பிறந்த ஊர் எது? அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம். சார்லஸ் டவுன்ஸ் அங்கே 1950-களின் நடுவில் நுண்ணலைகளைப் பெருக்கும் கருவியைச் செய்து, அதன் நீண்ட ஆங்கில விளக்கத்தின் முதலெழுத்துகளைக் கோத்து மேசர் என்று பெயர் வைத்திருந்தார். செலவு பிடித்த ஆராய்ச்சி என்பதால், பணம் பிடுங்கும் திட்டம் என்று அதே எழுத்துகளுக்கு வேறு விரிவு சொல்லிக் கேலி செய்தவர்களும் உண்டு. அதே வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் கோர்டன் கூல்ட். 1957 நவம்பரில் ஒரு குறிப்பேட்டில், நுண்ணலைக்குப் பதில் ஒளியைப் பெருக்க முடியுமா என்று கணக்குப் போட்டார். நுண்ணலையைக் குறித்த எழுத்தை எடுத்துவிட்டு ஒளியைக் குறித்த எழுத்தை வைத்தார்: லேசர். தூண்டிவிட்ட உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல் என்பது அதன் விரிவு. தூண்டு உமிழ்வு என்ற கருத்து ஐன்ஸ்டீன் 1917-இல் எழுதியது. கூல்ட் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடைக்குப் போனார். கடைக்காரர் நோட்டரி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வைத்துக் கொடுத்தார். இன்றைக்கு உலகமெல்லாம் சொல்லும் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் மிட்டாய்க் கடையில் எழுதப்பட்டது.

பெயர் உடனே ஒட்டவில்லை. டவுன்ஸும் அவர் மைத்துனர் ஆர்தர் ஷாலோவும் 1958-இல் எழுதிய கட்டுரையில் அதை ஒளி மேசர் என்றே சொன்னார்கள். பெல் ஆய்வகக்காரர்கள் பல வருடம் அந்தப் பெயரை விடவில்லை. கூல்ட் 1959-இல் ஒரு கூட்டத்தில் தன் பெயரைப் பொதுவில் வைத்தார். புற ஊதாவுக்கு ஒன்று, எக்ஸ் கதிருக்கு ஒன்று என்று ‘-ஏசர்’ ஈற்றில் ஒரு குடும்பத்தையே முன்மொழிந்தார். மற்றவை எல்லாம் தேய்ந்தன, லேசர் நின்றது. அதிலும் ஒரு குறும்பு உண்டு. லேசர் உண்மையில் ஒளியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, தானே அலைவுற்று ஒளியை உண்டாக்குகிறது. எனவே ‘பெருக்கி’ என்ற எழுத்துக்குப் பதில் ‘அலையி’ என்ற எழுத்தைப் போட வேண்டும் என்று ஷாலோவே விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப் போட்டால் கிடைக்கும் சொல் லூசர். அப்புறம் யார் அதைப் பலகையில் எழுதுவார்கள்? முதல் லேசரைச் செய்து காட்டியது இவர்களில் எவரும் இல்லை, தியோடர் மைமன். நாள் 1960 மே 16. கூல்டுக்கு முதல் காப்புரிமை கிடைக்க 1977 ஆனது.

மைமனின் லேசர் செயற்கை மாணிக்கக் கம்பியால் ஆனது. மாணிக்கம் என்றால் திருச்சிச் சீமைக்கு அன்னியமான பொருள் அல்ல. செயற்கைக் கல்லைச் சாணையில் வைத்துப் பட்டை தீட்டுவது திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் குடிசைத் தொழிலாக நடந்தது. மனித உடம்பில் முதலில் பட்ட லேசரும் மாணிக்க லேசர்தான். 1961 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த கட்டியை அதைக் கொண்டு சுட்டார்கள். அதற்கடுத்து 1964-இல் பெல் ஆய்வகத்திலிருந்து இரண்டு லேசர்கள் வந்தன. ஒன்று கரியமில வாயு லேசர். கண்டுபிடித்தவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அதன் ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். உடம்பு பெரும்பகுதி தண்ணீர் என்பதால் மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்ரிலிக்கும் பலகையும் உறிஞ்சும் என்பதால் பட்டறைக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். நம் பட்டறைகளில் ‘சி.ஓ.டூ. மெஷின்’ என்பது இதுதான்.

மற்றது யாக். எல்லாக் கண் மருத்துவமனையிலும் ‘யாக் பண்ணணும்’ என்ற சொல் கேட்கும். இட்ரியம், அலுமினியம், கார்னெட் என்ற மூன்று பெயரின் முதலெழுத்துகள் அவை. கார்னெட் நமக்குத் தெரிந்த கல்தான், நவரத்தினத்தில் வரும் கோமேதகம் அந்த இனத்தைச் சேர்ந்தது. இட்ரியம் என்ற பெயர்தான் என்னை நிறுத்திவைத்தது. அது ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமுக்கு அருகே உள்ள ஒரு தீவுக் கிராமத்தின் பெயர்: இட்டர்பி. அங்கே ஒரு கல்குவாரி. 1787-இல் ஒரு ராணுவ அதிகாரி அதிலிருந்து கனமான ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். அந்தக் குவாரியின் கல்லைப் பிரித்துப் பார்க்கப் பார்க்கப் புதுப்புதுத் தனிமங்கள் கிடைத்தன. இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்கள் அந்த ஒரு ஊர்ப் பெயரையே வெட்டியும் ஒட்டியும் பெயராக்கிக்கொண்டன. இன்றைக்கு இரும்புத் தகட்டை வெட்டும் ஃபைபர் லேசரில் ஒளியை உண்டாக்குவது கண்ணாடி இழைக்குள் கலந்த இட்டர்பியம். பல்லிலும் தோலிலும் பயன்படுவதில் எர்பியம் உண்டு. ஸ்வீடன் மொழியில் இட்டர்பி என்றால் வெளிப்புறத்து ஊர். சுத்தத் தமிழில் வெளியூர். வெளியூர்க் குவாரியின் பெயர் நம்மூர் மருத்துவமனை நுழைவுச்சீட்டில் ஏறியிருக்கிறது. புதுக்கோட்டையும் குவாரி மாவட்டம்தான். கல்லை ஜல்லியாக்கி லாரியில் ஏற்றுகிறோம், பெயரை யாரும் கேட்பதில்லை.

கல் என்றதும் இன்னொன்று. இந்த வறண்ட சீமையில் சிறுநீரகக் கல் சாதாரண நோய். சித்த மருத்துவம் அதற்கு வைத்த பெயர் கல்லடைப்பு. அதை இன்று உடைக்கும் லேசரில் இருப்பது ஹோல்மியம். அதுவும் ஸ்டாக்ஹோமின் பழைய லத்தீன் பெயரிலிருந்து வந்தது. தனிமம் கண்டறியப்பட்டது 1878-இல். ‘கல்லு ஒடைக்கிறாக’ என்று நோயாளி சொல்லும்போது அவர் வாயில் வரும் வினைச்சொல் குவாரியில் வழங்குவதே. லேசர் என்ற சொல் ஊரில் வழங்கும் இடங்களில் இது ஒன்றுதான் உண்மைக்கு அணுக்கமானது என்று நினைக்கிறேன். லேசு என்ற நிழல் இங்கே விழவில்லை. கல்லை உடைப்பது லேசில்லை என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும்.

இப்போது கதையின் நடு இடத்துக்கு வருகிறேன். சுட்டு வெட்டுவதுதான் லேசர் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, சுடாமல் செதுக்கவும் முடியும் என்று காட்டிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ரங்கசாமி சீனிவாசன். 1929-இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் படலத்தின் மேல் புற ஊதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே வகைப் பிளாஸ்டிக். சூடேறி உருகும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஓரம் கூர்மையாக, கரியில்லாமல் பள்ளம் விழுந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் மூலக்கூறுப் பிணைப்பை அறுக்கும் ஆற்றல் உண்டு. அறுந்த துண்டுகள் சூடு பக்கத்தில் பரவுவதற்கு முன்பே பறந்துவிடுகின்றன. இந்த நிகழ்வுக்கு அவர் ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழாக்கினால் ‘ஒளியால் சிதைத்து அகற்றல்’ என்று வரும். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் விருந்து முடிந்த மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தையும் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். தோழர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் உடனிருந்தார்கள். புற ஊதா லேசர் வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது. பச்சை ஒளி லேசர் பட்ட இடம் கருகியிருந்தது. பிறகு மனிதத் தலைமயிர் ஒன்றில் வரிசையாகப் பள்ளம் வெட்டி எடுத்த படம் உலகம் சுற்றியது.

தலைமயிரில் பள்ளம் என்பது பொருள்களை நுணுக்கமாக வெட்டுகிறவர்களுக்கு வந்த செய்தி. கண்ணுக்கும் அதே செய்தி என்று புரிந்துகொண்டவர் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல். 1983-இல் சீனிவாசனோடு சேர்ந்து கருவிழியில் முயன்றார். அந்த லேசரின் ஒரு துடிப்பு கருவிழியிலிருந்து எடுப்பது ஏறக்குறைய கால் மைக்ரான். கருவிழியின் நடுக்கனம் அரை மில்லிமீட்டர் சொச்சம். ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைச் சரிசெய்யப் பத்துப் பதினைந்து மைக்ரான் எடுத்தால் போதும். சீனிவாசனுக்கும் தோழர்களுக்கும் 2011-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. இந்த லேசரின் பெயர் எக்சைமர். கிளர்ந்த இணை என்று பொருள், ஒரே வகை அணு இரண்டு சேர்ந்தது. உள்ளே இருப்பதோ ஆர்கானும் ஃபுளோரினும், இரண்டு வேறு வகை அணுக்கள். பெயரே தப்பு. வேதியியலார் இன்றும் முணுமுணுக்கிறார்கள். மருத்துவமனையில் யாரும் கேட்பதில்லை. கீழ ராஜ வீதியில் மட்டும்தான் சொல் தடம்புரளும் என்று நினைத்துவிட வேண்டாம்.

லேசிக் என்ற பெயருக்குள்ளே ஒரு சிற்பி இருக்கிறான். அதன் கடைசி எழுத்துக்குரிய நீண்ட சொல் கெரட்டோமைல்யூசிஸ். கிரேக்கத்தில் கெராஸ் என்றால் கொம்பு, அதிலிருந்து கருவிழி. மைல்யூசிஸ் என்பதன் முழு வடிவம் ஸ்மைல்யூசிஸ், செதுக்குதல். ஸ்மீலே என்றால் உளி. இந்தப் பெயரை வைத்தவர் கொலம்பியாவின் பொகோட்டாவில் இருந்த ஹோசே பாராகெர். லேசருக்கெல்லாம் முன்பே கருவிழியின் ஒரு தகட்டை எடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, திரும்பப் பொருத்தினார். உண்மையான கடைசல் வேலை. மேற்கத்தியர் அந்தப் படலத்தின் உறுதியைப் பார்த்துக் கொம்பு என்றார்கள். நாமோ அது கண்ணாடி போலிருப்பதால் அதை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் கறுப்பைப் பார்த்துக் கருவிழி என்றோம். பாடநூல் விழிவெண்படலம் என்று திருத்திப் பார்த்தது. கண் தானம் செய்யும் வீட்டில் இன்றும் கருவிழிதான்.

இதற்குத் தமிழில் நல்ல பெயர் வேண்டுமென்றால் அறந்தாங்கிப் பக்கம் ஆவுடையார்கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே கல்லில் கூரை வேய்ந்து, கம்பும் ஆணியும் தெரியும்படி இழைத்திருக்கிற கொடுங்கை புகழ்பெற்றது. பழைய ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதுவார்கள் என்பது நாடறிந்த பேச்சு. அந்த வேலைக்குரிய வினைச்சொல் செதுக்குதல். செதில் அதற்கு உறவு. செதுக்கினால் செதில் விழ வேண்டும். சீனிவாசனின் ஒளியில் கண்ணுக்குத் தெரிகிற செதில் விழுவதில்லை என்ற ஒரு குறை தவிர, கருவிழிச் செதுக்கல் என்ற பெயர் கிரேக்கப் பெயருக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. இப்போது பெரிய நகரங்களில் விளம்பரமாகும் புது முறைக்கு ஸ்மைல் என்று பெயர். அது முதலெழுத்துச் சொல்; சிரிப்பை நினைவூட்டத்தான் வைத்திருப்பார்கள். கிரேக்கத்து உளி அதற்குள் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

உளி இல்லாமல் கல்லில் எழுதுவதும் இங்கே வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கான கறுப்பு கிரானைட் பலகையை ‘கல்வெட்டு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். லேசரில் எழுதிக் கேட்டால் பட்டறைக்காரர் கோரல் மென்பொருளில் ஃபைல் போட்டு, பவரும் ஸ்பீடும் வைத்து, ஃபோகஸ் பார்த்து ஓட்டிவிடுகிறார். ஒளி கல்லை வெட்டுவதில்லை. மெருகேறிய மேற்பரப்பில் நுண்ணிய விரிசல் விழுந்து அந்த இடம் வெளுக்கிறது, அவ்வளவுதான். எழுத்தைத் தடவினால் விரலுக்குப் பள்ளம் அதிகம் தட்டாது. இது நடப்பது சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் தமிழ்பிராமியும், குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டும் கிடக்கிற மாவட்டத்தில். சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள் உண்டு. அக்கால அரசாணைகள் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ள அனுமதி தரும். சி.ஓ.டூ. மெஷின் கல்லை வெளுக்க வைக்கும், செம்பிடம் தோற்கும். பளபளக்கும் செம்பு அந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எழுத்து எத்தனை நாள் நிற்கும் என்பதில் என் பணம் உளியின் பக்கம்.

ஹோலோகிராமை விட்டுவிட முடியாது, லேசரின் கூடப்பிறந்தது போலத்தான் பேசப்படுகிறது. உண்மையில் அது மூத்தது. டென்னிஸ் காபர் 1947-இல் இங்கிலாந்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சரிப்படுத்த யோசித்தபோது பிறந்தது. கிரேக்கத்தில் ஹோலோஸ் முழுமை, கிராமா எழுத்து. ஒளியின் வலிமையை மட்டும் பதியாமல் அலையின் நிலையையும் சேர்த்து முழுதாக எழுதுவது. ஒழுங்கான ஒளி இல்லாததால் பதினைந்து வருடம் தூங்கியது. லேசர் வந்தபின் எழுந்தது. காபருக்கு 1971-இல் நோபல் கிடைத்தது. தமிழில் அதை முப்பரிமாணப் படம் என்று எழுதுகிறோம். அது தவறான வழிகாட்டி, கண்ணாடி போட்டுப் பார்க்கும் சினிமாவும் முப்பரிமாணம்தான். ‘முழுப்பதிவு’ என்றால் காபர் சொன்னதே வரும். கணினி எழுதிய முழுப்பதிவைக் கொண்டு ஒரு லேசர்க் கதிரைப் பல புள்ளிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல இடத்தில் நுண்துளை போடுகிறார்கள்; அங்கே படமே இல்லை, முப்பரிமாணம் என்று சொன்னால் பொருந்தாது. நம் ஊருக்கு ஹோலோகிராம் என்றால் பான் அட்டையிலும் டாஸ்மாக் பாட்டில் மூடியிலும் மினுக்கும் ஸ்டிக்கர். அது அசல் ஹோலோகிராம்தான், காபர் வழி வந்தது. தேர்தல் மேடையில் தலைவர் ஹோலோகிராமில் தோன்றினார் என்று பேசப்பட்டதுதான் அசல் அல்ல. 1862-இல் லண்டனில் பெப்பர் என்பவர் நாடக மேடையில் காட்டிய கண்ணாடிப் பிரதிபலிப்பு வித்தையின் பேரப்பிள்ளை. அறுவை அரங்கில் மருத்துவர் அணியும் ஹோலோலென்ஸ் போன்ற கண்ணாடிகளில் தெரியும் உறுப்பின் உருவத்தையும் ஹோலோகிராம் என்றே விற்கிறார்கள். காபர் சொன்ன முழுப்பதிவு அதுவும் இல்லை. சாராய பாட்டில் உண்மை சொல்கிறது, மேடை பொய் சொல்கிறது.

லேசருக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: சீரொளி. நல்ல பெயர். லேசர் என்ற முதலெழுத்துச் சொல் அந்த ஒளி எப்படிச் செய்யப்பட்டது என்று மட்டும் சொல்கிறது. சீரொளியோ அது எப்படிப்பட்ட ஒளி என்று சொல்கிறது. யாப்பில் சீர், தாளத்தில் சீர். அலைகள் ஒன்றுக்கொன்று அடி தப்பாமல் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்திலும் இல்லை. ஆனால் வடகாடு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் போகிறவர் காதில் சீர் என்றால் தாய்மாமன் சீர், சீர்வரிசைத் தட்டு. சீரொளி என்று சொன்னால் சீர் கொண்டுபோகும் வண்டியின் சீரியல் பல்பு என்று நினைத்தாலும் நினைப்பார். கருவியின் பெயர் லேசர் என்றே இருக்கட்டும், பட்டறையும் மருத்துவமனையும் அதை மாற்றப்போவதில்லை. வகுப்பில் பாடம் சொல்கிறவர் மட்டும் சீரொளி என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மற்ற ஒளியிலிருந்து இது எதனால் வேறு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

லேசு என்ற பங்காளியால்தான் தொல்லை, அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. புரை எடுத்துச் சில மாதமோ சில வருடமோ கழித்து, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பை மங்கிப்போவது பலருக்கும் நேர்கிறது. பார்வை மறுபடி புகைமூட்டமாகும். அப்போது மருத்துவர் ‘லேசர் பண்ணணும்’ என்று சொன்னால், ‘அதான் போன தடவையே லேசர் பண்ணியாச்சே’ என்று வீட்டார் திரும்பிவிடுகிறார்கள்; மருத்துவர் காசுக்குச் சொல்கிறார் என்ற சந்தேகம் வேறு. போன தடவை நடந்தது லேசர் இல்லை. இப்போது சொல்வதுதான் லேசர், இட்டர்பிக் குவாரியின் பெயரைச் சுமந்த யாக். ஊசியும் கத்தியும் இல்லாமல், புறநோயாளியாக உட்கார்ந்தபடியே, சில நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் புரை எடுத்த பெரியவர்கள் இருந்தால் அறுவைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மறுபடி மங்குகிறது என்று அவர்கள் சொன்னால் தள்ளிப்போடாமல் அழைத்துப்போங்கள்.